மடியில் கனம்

இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது பண முடிப்பு. இன்று அவர்கள் பேரையூரிலிருந்து காலைப் பேருந்தில் ஏறி வந்தால், இளைஞர்களின் மடியிலே கறுப்புப் பைகளைக் காண்பார்கள். அந்தப் பைக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பாக இருக்கலாம். அதற்குப் பெயரே மடிக்கணினி! பெயர் வைத்தவர் நம் பழமொழியை அறிந்தவரோ என்னவோ!

‘கேமிங் லேப்டாப்’ எனப்படும் விளையாட்டு மடிக்கணினியைப் பற்றி ஒரு பொருளியல் மாணவி எழுத வேண்டிய அவசியம் என்ன என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். அவசியம் இருந்தது. என் அண்ணன் திருமண விழாக்களுக்கு வீடியோ எடுப்பவர். மதுரை, இராஜபாளையம், தேனி, கோவை, சென்னை என்று முகூர்த்த நாள்தோறும் ஓர் ஊர். முன்பெல்லாம் திருமணம் முடிந்து மூன்று மாதம் கழித்து வீடியோவைக் கொடுத்தால் போதும். இப்போது காலையில் தாலி கட்டியதை மாலை வரவேற்பில் பெரிய திரையில் நான்கு நிமிடப் படமாகக் காட்ட வேண்டும் என்கிறார்கள். மண்டபத்தின் மணமகன் அறைக்குப் பின்னால், இலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, பிற்பகலுக்குள் அதைத் தொகுத்து முடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய வேகம் விளையாட்டுக்காகச் செய்யப்படும் கணினிகளில்தான் இருக்கிறது. படத்தை இழைத்துத் தள்ளும் கிராபிக்ஸ் கார்டு அவற்றில்தான் தனியாக உண்டு. மேலும், உண்மையை மறைப்பானேன், அண்ணனுக்கு விளையாட்டும் பிடிக்கும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பால் ஊற்றிச் சேர்த்துக் கட்டிய ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. ஏலத்தில் தள்ளியது போகக் கைக்கு வந்தது ரூ. 92,000. அந்தப் பணம் என் பி.எட். படிப்புக்கென்று பேசி வைக்கப்பட்டிருந்தது. அண்ணனின் பழைய கணினி ஒரு முகூர்த்தத்தில் நடுவழியில் நின்றுபோன பிறகு, வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான் வழி சொன்னார்.

“பணம் பாப்பாவோடது. அதனால எதை வாங்குறதுன்னு பாப்பாவே பாத்துச் சொல்லட்டும். நீ கடைக்காரன் பேச்சக் கேட்டு ஏமாந்துருவ.”

இப்படித்தான் நான் நீதிபதியானேன்.

அந்தப் பழைய கணினியைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போனால் நன்றி மறந்தவளாவேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2017இல் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது பெற்றது அது. எல்காட் நிறுவனம் வாங்கி வழங்கியது. அதில்தான் அவர் வெட்டவும் ஒட்டவும் கற்றார். நான்கு நிமிடப் பாட்டை முடிக்கப் பாதி இரவு ஆகும். சேவல் கூவும்போது விழுக்காடு தொண்ணூறில் நிற்கும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்க்கு இரண்டாண்டுகளில் 20 லட்சம் கருவிகள் என்று அறிவித்தார்கள். அது மாணவர்க்கு உரியது; அண்ணனோ கல்லூரியை முடித்து ஐந்தாண்டுகள் ஆயின. ஆகவே சந்தைக்குத்தான் போயாக வேண்டும்.

சந்தை என்ன சொல்கிறது? எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் கிராபிக்ஸ் கார்டின் பெயர் முதலில் நிற்கும். ஆர்.டி.எக்ஸ். 4060 என்று பொன்னெழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தப் பெயரை வைத்து மட்டும் விலை பேசக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். மடிக்கணினிக்கான அந்த 4060 கார்டையே, கணினியைச் செய்யும் நிறுவனம் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் ஓடும்படி அமைக்கலாம். மெல்லிய கணினியில் சூட்டை வெளியேற்ற இடமில்லை, ஆகவே குறைத்து வைப்பார்கள். தடித்த கணினியில் கூட்டி வைப்பார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் ஒரே மூச்சில் புரிந்துகொண்டார்.

“அதான, ஒரே கம்பேனி மோட்டாருதான். மூணு எச்.பி.யும் இருக்கு, அஞ்சு எச்.பி.யும் இருக்கு. மேல ஒட்டியிருக்க பேரப் பாத்து தண்ணி வருமாக்கும்?”

எங்கள் கரிசல் கிணறுகளில் மோட்டார் இறக்கிப் பழகியவர்க்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எடை. அண்ணனின் நண்பர் ஒருவரிடம் பதினைந்து அங்குலக் கணினி ஒன்று இருந்தது. அதை ஒரு நாள் இரவல் வாங்கி, ஊரில் ஓர் உரக்கடையின் மின்தராசில் வைத்துப் பார்த்தேன். கணினி 2 கிலோ 300 கிராம். விளம்பரத்தில் போட்டிருந்ததும் ஏறத்தாழ அதுவே. ஆனால் விளம்பரத்தில் போடாத ஒன்று பையின் அடியில் கிடந்தது: சார்ஜர். செங்கல் போன்ற அதன் உடலும், கனத்த மூன்று முள் செருகியும், வடமும் சேர்ந்து 720 கிராம். ஆக மூன்று கிலோ. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “யூரியாவா?” என்றார்.

அந்த மூன்று கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் கல்லூரிக்கு வந்தேன். தே. கல்லுப்பட்டியில் கூட்டம் ஏறியது; திருமங்கலம் வரை நின்றுகொண்டே பயணம். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு பை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கும், வலத் தோளிலிருந்து காலடிக்கும் இறங்கியது. காலடியில் வைத்தால் மிதிபடும் என்ற பயம் வேறு. அண்ணன் இதனுடன் இரண்டு கேமராவும் லென்சுகளும் முக்காலியும் சுமக்கிறார். அவருக்கு வலத் தோள் வலி இருப்பதை அம்மா தைலம் தேய்க்கும்போது மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் விளங்கியது.

சுமக்கத்தக்க கணினி என்று உலகச் சந்தைக்கு வந்த முதல் வெற்றி 1981இல் வெளியான ஆஸ்பார்ன் 1. அதன் எடை சுமார் 11 கிலோ, திரை ஐந்து அங்குலம், பாட்டரியே கிடையாது. அதைத் தூக்கிச் சென்றவர்களும் பயணிகளே! அதனுடன் ஒப்பிட்டால் மூன்று கிலோ பூமாலை என்று வாதிடலாம்தான். ஆனால் ஆஸ்பார்னைத் தூக்கியவர் கல்லுப்பட்டிப் பேருந்தில் நின்றுகொண்டு போனவரல்லர்.

இலகுவான கணினிகள் இல்லாமலில்லை. ஆசுஸ் நிறுவனத்தின் ஜெஃபைரஸ் ஜி14 என்ற பதினான்கு அங்குலக் கணினி 2020இல் வந்தபோது, 1.6 கிலோ எடைக்குள் இத்தனை ஆற்றலா என்று உலகமே வியந்தது. 2024இல் அதையே 1.5 கிலோவாக இளைக்க வைத்தார்கள். விலையோ எங்கள் சீட்டுப் பணத்தைக் கண்டு நகைக்கும் விலை. இன்னும் இலகுவானவை கையடக்க விளையாட்டுக் கருவிகள். 2023 ஜூலையில் நம் நாட்டுக்கு வந்த ரோக் அல்லை 608 கிராம்தான், அப்போதைய விலை ரூ. 69,990. விளையாட மட்டும் வேண்டும், அடிக்கடி பயணம் செய்கிறேன் என்பவர் இதைத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அதன் ஏழு அங்குலத் திரையில் மணமகளின் முகத்தைத் தொகுப்பது ஊசித் துளையில் கோலம் போடுவதாகும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பயணிக்கு இதுவே உயிர்நாடி. கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பாட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்ற அளவால் சொல்வார்கள். 60 வாட்-மணி என்றால், 60 வாட் பல்பு ஒன்றை ஒரு மணி நேரம் எரிக்கும் அளவு. பட்டியலில் 52 முதல் 90 வரை கண்டேன். நூறைத் தாண்டிய ஒன்றையும் காணவில்லை. காரணம் சுவையானது. விமானத்தில் பயணி கையோடு கொண்டுசெல்லும் லித்தியம் பாட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை என்பது உலக விதி. அதனால் தயாரிப்பாளர்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்கிறார்கள். பவர் பாங்கு வாங்குவோரும் இந்தக் கணக்கைப் போடலாம்: 20,000 மில்லி ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. அவனியாபுரத்து விமான நிலையத்தில் அதைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகலாம். பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்ப விடமாட்டார்கள்.

இப்போது கணக்கு. கட்டுரை எழுதவும் படங்களைப் பிரித்து அடுக்கவும் கணினி 15 வாட் கேட்கிறதென்று வைத்துக்கொண்டால், 90 வாட்-மணிப் பாட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். அதே கணினியில் ஜி.டி.ஏ. விளையாட்டைத் திறந்து 90 வாட் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது கதை. அந்த ஒரு மணி நேரமும் முழு வேகம் கிடைக்காது. செருகியை உருவிய கணத்தில் கணினி தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. இரவல் கணினியில் விளையாட்டின் வேகம் பாதிக்கும் கீழே போனதை நான் கண்ணால் கண்டேன். ஆக, நாம் ஒரு விலை கொடுத்து இரண்டு கணினி வாங்குகிறோம். சுவரில் செருகியிருக்கும்போது ஒன்று, செருகாதபோது வேறொன்று. கடைக்காரர் காட்டுவது முதலாவதை. வழிப்பயணத்தில் நம்மோடு வருவது இரண்டாவது.

ரயிலில் செருகிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அண்ணனும் அப்படித்தான் கேட்டார். சென்னைத் திருமணங்களுக்கு அவர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போவார். அது இரவு ஒன்பதரை வாக்கில் மதுரையிலிருந்து கிளம்புகிறது. 2021 மார்ச்சில் ரயில்வே ஒரு முடிவெடுத்தது: தீ விபத்தைத் தவிர்க்க, பெட்டிகளில் சார்ஜ் போடும் இணைப்புகளை இரவு 11 முதல் காலை 5 வரை நிறுத்தி வைப்பது. ஆக இரவு வண்டியில் ஒன்றரை மணி நேரம்தான் மின்சாரம். அந்தச் செருகிகளும் 110 வோல்ட்டில் கைப்பேசிகளுக்காக வைக்கப்பட்டவை. நம் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பது உண்மை. ஆனால் வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரு மடங்காகும் என்பதை நம் இயற்பியல் நண்பர்கள் சொல்வார்கள். 200 வாட் சார்ஜரை அதில் செருகுவது சைக்கிள் காரியரில் நெல் மூட்டையை ஏற்றுவது போல. பகலில் போகும் வைகை இந்த வகையில் தேவலை. ஆனால் முகூர்த்தத்துக்கு முதல் நாள் பகலை யார் விட்டுத் தருவார்கள்?

பேருந்தில் செருகி என்ற பேச்சே எழவில்லை. சரி, மடியில் வைத்து வேலை செய்யலாம் என்றால், கையேட்டில் பாதுகாப்பு விதிகள் உள்ள பக்கத்தைப் படியுங்கள்: ஓடும்போது மடியில் வைக்காதீர்! அடிப்பக்கத்துத் துவாரங்கள் வழியே காற்றை இழுத்துத்தான் இவை குளிர்கின்றன. தாவணியோ வேட்டியோ அதை அடைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் வேகம் இறங்கும். மடிக்கணினியை மடியில் வைக்கக் கூடாது! சித்திரை வெயிலில், எங்கள் ஊர்ப் புழுதியில், அந்தத் துவாரங்களின் கதி என்னவென்று எண்ணிப் பாருங்கள். நண்பரின் கணினியைத் தூசு தட்டியவர் கரிசல் மண்ணையே ஒரு கைப்பிடி எடுத்ததாகச் சொன்னார். கொஞ்சம் மிகைதான்; ஆனால் கொஞ்சமே.

இத்தனையும் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை நானும் அண்ணனும் மதுரைக்குப் போனோம். கிளம்பும்போது அம்மாவின் கலியாணப் பட்டுப் புடவையை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதை முதல் நாள் அண்ணன் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்திருந்தார்.

“இது எதுக்கு பாப்பா? அடகு வைக்கவா?” என்றார்.

“வாண்ணே, சொல்றேன்.”

கடையில் மூன்று கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். மூன்றிலும் அந்தப் படத்தைத் திறந்தோம். மேசையில் புடவையை விரித்தேன். அசல் அரக்குச் சிவப்பு. முதல் திரையில் அது செங்கல் நிறம். இரண்டாவதில் ஏதோ வெளுத்த ரோஜா. மூன்றாவதில்தான் அம்மாவின் புடவை தெரிந்தது. முதல் இரண்டும் விலை குறைந்தவை. கார்டு மூன்றுக்கும் ஒன்றே. விளையாட்டுக் கணினி செய்வோர் திரையின் வேகத்துக்குச் செலவு செய்வார்கள். நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான முறை படம் மாறும். நிறத்தில் மிச்சம் பிடிப்பார்கள். இத்தகைய திரைகளின் விவரப் பட்டியலில் 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி. என்று சிறிய எழுத்தில் இருக்கும். நூறு விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி. என்று இருப்பதையே நிறத்தொழில் செய்வோர் கேட்டு வாங்க வேண்டும். துப்பாக்கி சுடும் ஆட்டத்தில் எதிரியின் சட்டை செங்கல் நிறமானால் நட்டமில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க் கூறைப்புடவை செங்கல் நிறமானால் அண்ணனுக்கு அடுத்த முகூர்த்தம் கிடையாது.

விற்பனையாளர் இளைஞர். புடவையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அக்கா, இப்படி யாரும் பாத்து வாங்குனதில்ல” என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை.

இரண்டு பெயர்கள் மிஞ்சின. ஒன்று பதினான்கு அங்குலம், ஒன்றரைக் கிலோ, நிறம் குறைவில்லை, எங்கள் பணத்துக்கு மேல் ஏறக்குறைய அறுபதாயிரம். தவணை உண்டு என்றார்கள். மற்றது அந்த மூன்றாவது திரை: பதினைந்து அங்குலம், 2.2 கிலோ, 90 வாட்-மணிப் பாட்டரி, ரூ. 84,000. அண்ணன் சிறியதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையால் தூக்கினார். பிறகு கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். தோள் வலி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன தீர்ப்பு எழுதியிருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் சொல்லவில்லை.

நான் பெரியதைச் சொன்னேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தக் கணினி யு.எஸ்.பி. டைப்-சி வழியாகவும் 100 வாட் வரை மின்சாரம் ஏற்கும். அப்படிப்பட்ட சிறிய சார்ஜர் ஒன்று ரூ. 3,500க்குத் தனியே கிடைத்தது. வடத்தோடு கால் கிலோவுக்குள். பெரிய செங்கல் வீட்டிலோ பெட்டியிலோ கிடக்கட்டும். பேருந்துப் பயணத்துக்குச் சிறியது போதும். மூன்று கிலோ இரண்டரை கிலோவுக்குக் கீழ் வந்தது. மண்டபத்தில் முழு வேகம் வேண்டும் நாளில் மட்டும் செங்கலும் புறப்படும். ரயிலேறும் முன் மண்டபத்திலேயே பாட்டரியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ரயிலில் படங்களைப் பிரிக்கும் வேலை மட்டும். விளையாட்டு? அரை மணி நேரம், அதுவும் திண்டிவனத்துக்கு அப்பால் வேலை முடிந்திருந்தால் என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் சிரித்தார். அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று நான் விசாரிப்பதில்லை.

எந்தக் கம்பெனி என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மலரில் விளம்பரப் பக்கங்கள் தனியே இருக்கின்றன, கட்டுரையில் வேண்டாம். வாங்குவோர் தராசையும், சின்ன எழுத்துப் பட்டியலையும், முடிந்தால் ஒரு பட்டுப் புடவையையும் கொண்டுசெல்லட்டும். மதுரையில் அந்த நிறுவனத்துக்குப் பழுதுபார்க்கும் நிலையம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளட்டும். சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றால், தொழில் செய்பவர்க்கு அந்த நாட்களில் முகூர்த்தங்கள் போய்விடும்.

மீதி ரூ. 4,500 அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் போனது. அண்ணன் மாதம் ஐயாயிரமாக என் பி.எட். பணத்தைத் திருப்பிக் கட்டுவதாகப் பேச்சு. ஐப்பசியில் கொடுத்தார், கார்த்திகையில் ஆயிரம் கூட்டியே கொடுத்தார். இது மார்கழி. முகூர்த்தம் இல்லை, ஆகவே ஐயாயிரமும் இல்லை. கணினி மட்டும் மாதம் முழுவதும் வீட்டில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதில்தான் தட்டெழுதுகிறேன், மடியில் வைக்காமல், அம்மாவின் அரிவாள்மனைப் பலகை மேல். தைக்கு ஒன்பது திருமணங்கள் எழுதியிருப்பதாக அண்ணன் நாட்காட்டியைக் காட்டினார்.